ஏவுகணையைச் சோதிப்பவர்கள்

ஏவுகணையை வடிவமைப்பது ஒரு வேலை. வடிவமைத்தபடியே அது பறக்கிறதா என்று பறக்கவிட்டு, அளந்து, முடிவு சொல்வது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குப் பறப்புச் சோதனைப் பொறியியல் என்று பெயர். 5,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் அக்னி-5 ஏவுகணை, 2012 ஏப்ரல் 19 அன்று நடந்த தன் முதல் சோதனையில் இலக்கை எட்ட எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 20 நிமிடங்கள். பல ஆண்டு உழைப்பில் உருவான ஏவுகணை அத்துடன் கடலில் விழுந்து முடிந்துவிடுகிறது. பொறியாளர்களின் கையில் மிஞ்சுவது அந்த நிமிடங்களில் பதிவான தரவுகள் மட்டுமே. அவற்றைச் சிந்தாமல் சேகரிப்பதும் உண்மையாகப் படிப்பதும்தான் இந்தத் துறையின் உயிர்நாடி. பொறியியல், இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்கும் டிப்ளமா, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இந்தியாவில் இத்துறையின் கதவு திறந்தே இருக்கிறது.

ஏவுகணையின் உறுப்புகள்

எந்த ஏவுகணையையும் ஐந்து பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது உடல். காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் அதிர்வையும் தாங்கவேண்டிய கூடு இது. இரண்டாவது உந்துவிசை அமைப்பு. திட எரிபொருள், திரவ எரிபொருள், காற்றை உள்ளிழுத்து எரிக்கும் ராம்ஜெட் என்று இதில் பல வகைகள் உண்டு. மூன்றாவது வழிகாட்டு அமைப்பு. ஏவுகணை இப்போது எங்கே இருக்கிறது, எங்கே போகவேண்டும் என்று கணக்கிடுவது இதன் வேலை. நான்காவது கட்டுப்பாட்டு அமைப்பு. வழிகாட்டு அமைப்பு தரும் கட்டளைக்கு ஏற்ப இறக்கைகளையோ உந்துவாயையோ அசைத்து ஏவுகணையைத் திருப்புவது இது. ஐந்தாவது, வெடிபொருள் இருக்கும் முனைப்பகுதி. சோதனைப் பறப்பில் பெரும்பாலும் உண்மையான வெடிபொருளுக்குப் பதிலாக அதே எடையுள்ள பொருளும் அளவுக் கருவிகளும் வைக்கப்படுகின்றன.

பயணம் செய்யும் விதத்தை வைத்தும் ஏவுகணைகளை வகைப்படுத்துவார்கள். அக்னி போன்ற பாலிஸ்டிக் ஏவுகணை, எரிபொருள் எரியும் சில நிமிடங்களில் வேகம் பிடித்து, வளிமண்டலத்துக்கு மேலே சென்று, பிறகு வளைந்து இறங்குகிறது. பிரம்மோஸ், நிர்பய் போன்ற குரூஸ் ஏவுகணைகள் விமானம்போல வளிமண்டலத்துக்குள்ளேயே எஞ்சின் உதவியுடன் பறக்கின்றன. ஆகாஷ் தரையிலிருந்து புறப்பட்டு எதிரி விமானத்தை வீழ்த்துவது. அஸ்திரா விமானத்திலிருந்து விமானத்தைத் தாக்குவது. நாக் பீரங்கி வண்டிகளை அழிப்பது. ஒவ்வொன்றும் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு என்பதால் சோதிக்கும் முறையும் வேறுபடும். பாலிஸ்டிக் ஏவுகணைக்குப் பெரும் சவால், வளிமண்டலத்துக்குள் மீண்டும் நுழையும்போது எழும் கடும் வெப்பம். அதன் முனைப்பகுதியைக் காக்கவே கார்பன்-கார்பன் கலவைப் பொருள் உருவாக்கப்பட்டது. ஆகாஷுக்கோ நகரும் இலக்கை விடாமல் பின்தொடர்வதுதான் சவால்.

இந்தியாவில் வளர்ந்த விதம்

டி.ஆர்.டி.ஓ. எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் 1958இல் தொடங்கப்பட்டது. ஏவுகணைப் பணிக்கென ஐதராபாத்தில் உருவான டி.ஆர்.டி.எல். ஆய்வகம், 1970களில் வெளிநாட்டு ஏவுகணை ஒன்றைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்ய முயன்றது. முழு ஏவுகணையாக அது கைகூடவில்லை. ஆனாலும் அந்த முயற்சி கருவிகளையும் கைத்தேர்ச்சி பெற்ற ஆட்களையும் விட்டுச்சென்றது.

1982இல் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் டி.ஆர்.டி.எல். இயக்குநரானார். ராமேஸ்வரத்தில் பிறந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலும் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலும் படித்தவர், எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்துக்குத் தலைமை வகித்த அனுபவத்தோடு வந்தவர். 1983இல் ஒருங்கிணைந்த ஏவுகணை மேம்பாட்டுத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது. பிரித்வி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் தொடங்கப்பட்டன. பிரித்வி 1988 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதன்முறை பறந்தது. அக்னி 1989 மே 22 அன்று ஒடிசா மாநிலத்தின் சண்டிப்பூரிலிருந்து பறந்தது. எஸ்.எல்.வி.-3இன் திட எரிபொருள் மோட்டாரை முதல் அடுக்காகவும் பிரித்வியின் திரவ எஞ்சினை இரண்டாம் அடுக்காகவும் வைத்து உருவான ஏவுகணை அது.

1987இல் வளர்ந்த நாடுகள் சில சேர்ந்து, ஏவுகணைத் தொழில்நுட்பம் பிற நாடுகளுக்குப் போகாதபடி எம்.டி.சி.ஆர். என்ற கட்டுப்பாட்டு ஏற்பாட்டை உருவாக்கின. நுண்ணிய சென்சார்கள், சிறப்பு உலோகக் கலவைகள், கணினிகள் என்று பலவற்றை வெளியிலிருந்து வாங்க முடியாத நிலை இந்தியாவுக்கு வந்தது. வேண்டியதை இங்கேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது. செய்தது சரியா என்று சோதிக்கும் வசதிகளையும் இங்கேயே அமைக்க வேண்டியிருந்தது. இன்றைய சோதனைக்கூடங்கள் பலவற்றுக்கு அந்தக் கட்டாயமே விதை. அதே எம்.டி.சி.ஆர். அமைப்பில் 2016 ஜூனில் இந்தியா உறுப்பு நாடானது.

தரையிலேயே பாதி வேலை

ஏவுகணை ஒருமுறை பறந்தால் திரும்பி வராது. செலவும் அதிகம். எனவே பறக்கவிடும் எண்ணிக்கையைக் குறைத்து, தரையிலேயே இயன்றவரை சோதித்துவிடுவது வழக்கம். சோதனைப் பொறியாளரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி இதில்தான் கழிகிறது.

திட எரிபொருள் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். வார்த்து உறைய வைத்த எரிபொருளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால், எரியும் பரப்பு கணக்கைவிடக் கூடிவிடும். பரப்பு கூடினால் உள்ளே அழுத்தம் ஏறும். அழுத்தம் எல்லை மீறினால் மோட்டார் வெடித்துவிடும். இதனால் ஒவ்வொரு மோட்டாரையும் எக்ஸ்ரே எடுத்து விரிசல் இருக்கிறதா, எரிபொருள் கூட்டின் உட்சுவரிலிருந்து பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு மாதிரி மோட்டார்களை நகராதபடி மேடையில் இறுக்கிப் பூட்டி எரித்து, உந்துவிசை, அழுத்தம், வெப்பம் ஆகியவற்றை நொடிக்கு நொடி அளக்கிறார்கள். துணி உரசுவதால் எழும் சிறு நிலைமின் பொறிகூட எரிபொருளைப் பற்றவைத்துவிடக்கூடும் என்பதால், அருகில் பணியாற்றுபவர்கள் உடலில் மின்னேற்றம் தங்காதபடி தரையுடன் இணைந்த பட்டைகளை அணிகிறார்கள். பிரித்வி போன்ற திரவ எரிபொருள் ஏவுகணைகளில் ஆபத்து வேறு வகை. அதில் பயன்படும் செறிந்த நைட்ரிக் அமிலம் தோலையும் நுரையீரலையும் அரிக்கக்கூடியது. அதை நிரப்புபவர்கள் முழு உடலை மூடும் உடையும் சுவாசக் கருவியும் அணிந்தே அருகில் போகிறார்கள்.

மின்னணுக் கருவிகள் அதிர்வு மேடையில் குலுக்கப்படுகின்றன. குளிரறையிலும் சூட்டறையிலும் மாற்றி மாற்றி வைக்கப்படுகின்றன. ஒரு கருவியின் மின்காந்த அலை இன்னொன்றைக் குழப்புகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. பெரும் வேகத்தைத் தரையிலேயே உண்டாக்க, சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் 4 கிலோமீட்டர் நீளத் தண்டவாளத்தில் ராக்கெட்டால் உந்தப்படும் சறுக்கு வண்டியை ஓட்டுகிறது.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது, உண்மைக் கருவிகளை இணைத்து நடத்தும் பாவனைப் பறப்பு. ஏவுகணையில் பொருத்தப் போகும் அதே கணினியையும் அதே உணரிகளையும் ஆய்வகத்தில் வைத்து, மூன்று அச்சுகளில் சுழலும் மேடையில் உணரிகளைப் பொருத்திவிடுவார்கள். இன்னொரு கணினி ஏவுகணையின் பறப்பைக் கணக்கிட்டு, அதற்கேற்ப மேடையைச் சாய்த்தும் திருப்பியும் காட்டும். ஏவுகணையின் கணினி, தான் உண்மையிலேயே பறப்பதாகக் கொண்டு கட்டளைகளைப் பிறப்பிக்கும். காற்று கூடினால், உந்துவிசை குறைந்தால், எடை சற்று மாறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றையும் மாற்றி ஆயிரக்கணக்கான முறை பறக்கவிட்டுப் பார்க்கலாம். மென்பொருளில் ஒளிந்திருக்கும் பிழைகள் பிடிபடும் இடம் இதுதான்.

கடலோரச் சோதனைத்தளம்

இந்தியாவின் முதன்மை ஏவுகணைச் சோதனைத்தளம் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் சண்டிப்பூரில் இருக்கிறது. பீரங்கிக் குண்டுகளைச் சோதிக்கும் தளம் ஒன்று 1895ஆம் ஆண்டிலிருந்தே அங்கே உண்டு. கடல் வற்றும் நேரத்தில் நீர் பல கிலோமீட்டர் உள்வாங்கிவிடும் கரை அது. விழுந்த குண்டுகளைத் தேடி எடுக்க வசதியாக இருந்தது. கிழக்கே வங்கக் கடல் விரிந்து கிடப்பதால் ஏவுகணைகளுக்கும் அது பொருத்தமான இடமாயிற்று.

சண்டிப்பூருக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், கரையிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தள்ளி வீலர் தீவு இருக்கிறது. 2015இல் அதற்கு அப்துல் கலாம் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. ஏவுகணை, கருவிகள், பொறியாளர்களுக்கான உணவு எல்லாமே பெரும்பாலும் படகிலும் கப்பலிலும்தான் போய்ச் சேரவேண்டும். நீண்டதூர அக்னி சோதனைகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. 2019 மார்ச் 27 அன்று சுற்றுப்பாதையில் இருந்த இந்தியச் செயற்கைக்கோளைத் தாக்கி வீழ்த்திய ஏவுகணையும் அந்தத் தீவிலிருந்தே புறப்பட்டது. சுற்றுவட்டாரக் கடற்கரைகள் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கூட்டமாக வந்து முட்டையிடும் இடங்கள் என்பதால், சோதனைகளைத் திட்டமிடும்போது ஆமைகளின் பருவமும் கணக்கில் வருகிறது.

ஏவும் நாளுக்கு முன் செய்யவேண்டிய ஏற்பாடுகள் பல. விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் எச்சரிக்கை அறிவிப்பு போகவேண்டும். மீனவர்கள் அப்பகுதிக்குள் வராதபடி தெரிவிக்கவேண்டும். சண்டிப்பூர் ஏவுதளத்தைச் சுற்றி வசிக்கும் மக்களை மாவட்ட நிர்வாகம் தற்காலிக முகாம்களுக்கு மாற்றி, அந்த நாளுக்கான இழப்பீடு வழங்குகிறது. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை என்றால், இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபரில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறைந்தது மூன்று நாள் முன்னதாக மற்ற நாட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். சோதனையைத் தாக்குதல் என்று தவறாக எண்ணிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

கவுன்ட் டவுன்

ஏவுதலுக்கு முந்தைய மணிநேரங்கள் முழுக்க முழுக்கச் சரிபார்ப்புப் பட்டியலின்படி நடக்கின்றன. எந்த வால்வு, எந்த இணைப்பு, எந்த அளவு என்று ஒவ்வொன்றையும் ஒருவர் படிக்க, இன்னொருவர் செய்ய, மூன்றாமவர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். பலூன்களை விட்டு வெவ்வேறு உயரங்களில் காற்றின் வேகம் அளக்கப்படுகிறது. கடைசி நிமிடங்களில் பொறுப்பு கணினியின் கைக்குப் போகிறது. நூற்றுக்கணக்கான அளவுகளைக் கணினி தொடர்ந்து பார்க்கும். ஏதேனும் ஒன்று எல்லையைத் தாண்டினாலும் அது சொல்லும் சொல், 'நிறுத்து'.

அக்னியின் முதல் ஏவுதலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1989 ஏப்ரல் 20 அன்று எல்லாம் தயாராக இருந்தது. ஏவ 14 நொடிகள் இருந்தபோது கருவி ஒன்று சரியாக இயங்கவில்லை என்று கணினி நிறுத்தியது. அதைச் சரிசெய்வதற்குள், இலக்குப் பக்கத்துக் கண்காணிப்பு நிலையத்திலிருந்தும் நிறுத்தச் சொல்லிக் குரல் வந்தது. இப்படிப் பலமுறை நின்றதில் ஏவுகணைக்குள் இருந்த மின்சக்தி வீணாகிவிட்டது. ஏவும் நேரம் நெருங்கும்போது, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டித்து ஏவுகணையைத் தன் சொந்த மின்கலத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதன்பின் நேரம் கடந்தால் சக்தி கரைந்துகொண்டே போகும். அந்த நிலையில் ஏவவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. ஏவுதல் கைவிடப்பட்டது. ஏவுகணையைத் திறந்து மின்கலங்களை மாற்ற வேண்டியதாயிற்று. மே 1 அன்று மறுபடி முயன்றபோது, 10 நொடிகள் இருக்கையில் கட்டுப்பாட்டு உறுப்பு ஒன்றில் கோளாறு தெரிந்து மீண்டும் நின்றது. நாடெங்கும் பத்திரிகைகளில் விமர்சனமும் கேலிச்சித்திரமும் வந்தன. மே 22 காலையில் அக்னி பறந்தது.

கணினி அந்த இரண்டு நாட்களில் நிறுத்தாமல் விட்டிருந்தால், கோளாறுள்ள ஏவுகணை பறந்திருக்கும். வெளியார் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரிந்த அந்த நிறுத்தங்கள், சோதனைப் பொறியியல் தன் கடமையைச் செய்ததற்கான அடையாளம். நாள் குறித்து, உயர் அதிகாரிகள் வந்து காத்திருக்கும் வேளையிலும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் துணிவை இந்தத் துறை தன் பணியாளர்களிடம் எதிர்பார்க்கிறது.

பறக்கும் நிமிடங்கள்

ஏவுகணை கிளம்பியதும் மூன்று வகைக் கண்கள் அதைத் தொடர்கின்றன. ரேடார் அது இருக்கும் இடத்தையும் வேகத்தையும் சொல்கிறது. மின்னணு ஒளியியல் கேமராக்கள் படம் பிடிக்கின்றன. அடுக்கு பிரிவது, உந்துவாய் திரும்புவது போன்றவை அதில் தெரியும். மூன்றாவது, டெலிமெட்ரி எனப்படும் தொலையளவு முறை. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரின் நாடித் துடிப்பைத் திரையில் பார்ப்பதுபோல, ஏவுகணையின் உள்ளே இருக்கும் வெப்பம், அழுத்தம், அதிர்வு, மின்னழுத்தம், இறக்கைகளின் கோணம், கணினியின் கட்டளைகள் ஆகிய அனைத்தையும் வானொலி அலையில் தரைக்கு அனுப்புவது இதுவே.

ஒரே நிலையத்தால் முழுப் பறப்பையும் பார்க்க முடியாது. பூமி உருண்டை என்பதால் தூரம் கூடினால் ஏவுகணை அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். எரிபொருளின் புகைச் சுடரும் அலைகளை மங்கவைக்கும். மீண்டும் வளிமண்டலத்துக்குள் நுழையும்போது ஏவுகணையைச் சுற்றி உண்டாகும் மின்னூட்டம் பெற்ற வாயு உறை தொடர்பையே துண்டிக்கக்கூடும். அதனால் கரையோரத்தில் பல இடங்களிலும், இலக்குக்கு அருகே கடலில் கப்பல்களிலும் கருவிகள் நிறுத்தப்படுகின்றன. 2021இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். துருவ், ஏவுகணைகளைக் கண்காணிப்பதற்கென விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்ட கப்பல். எல்லா நிலையங்களின் கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டவேண்டும். ஒரு நிலையத்தின் கடிகாரம் சிறிது பிசகினாலும் அதன் தரவு மற்றவற்றுடன் பொருந்தாது.

கட்டுப்பாட்டு அறையில் தனிப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார். இந்த நொடியில் உந்துவிசை நின்றுபோனால் ஏவுகணை எங்கே விழும் என்று கணினி தொடர்ந்து அவருக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் புள்ளி அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டப் போகிறது என்றால், ஏவுகணையை வானிலேயே அழிக்கும் கட்டளையைப் பிறப்பிப்பது அவர் வேலை. அவர் ஏவுகணைத் திட்டக் குழுவைச் சேர்ந்தவர் அல்லர். தம் படைப்பு எப்படியாவது பறந்துவிடவேண்டும் என்ற ஆசை அவர் முடிவைத் தடுக்கக்கூடாது என்பதற்காகவே இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 2013 மார்ச் 12 அன்று நிர்பய் குரூஸ் ஏவுகணை முதன்முறை பறந்தபோது, குறித்த பாதையிலிருந்து விலகத் தொடங்கியதால் கரையோரத்தின் பாதுகாப்பு கருதிப் பாதிவழியில் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அது வெற்றிகரமாகப் பறந்தது.

பறந்த பிறகு

கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் சோதனைப் பொறியாளரின் முக்கியமான வேலை தொடங்குகிறது. முதல் சில மணிநேரத்தில் மேலோட்டமான பார்வை. பிறகு வாரக்கணக்கில் நுணுகிய ஆய்வு. முன்னரே கணினியில் கணக்கிட்ட பறப்பையும் உண்மையில் நடந்த பறப்பையும் அடுக்கி வைத்து ஒப்பிடுகிறார்கள். இலக்கை எட்டிவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. ஒரு வால்வு சற்றுத் தாமதமாகத் திறந்திருக்கலாம். ஓரிடத்தில் வெப்பம் கணக்கைவிட ஏறியிருக்கலாம். இன்று தப்பித்த குறை நாளை தப்பிக்கும் என்று சொல்ல முடியாது. துல்லியத்தை அளக்க ஒரு வட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஏவும் ஏவுகணைகளில் பாதி எந்த ஆரத்துக்குள் விழுகின்றனவோ, அதுவே அந்த ஏவுகணையின் துல்லிய அளவு.

தோல்வி நேர்ந்தால் ஆய்வு இன்னும் கடுமையாகும். 2006 ஜூலை 9 அன்று அக்னி-3 முதன்முறை ஏவப்பட்டபோது, இலக்கை எட்டாமல் கடலில் விழுந்தது. தொலையளவுத் தரவுகளைப் பின்னோக்கிப் படித்தார்கள். எந்த அளவு முதலில் பிசகியது, அது எதைப் பாதித்தது, அதற்கடுத்து எது என்று சங்கிலியைப் பின்தொடர்ந்தார்கள். ஏவுகணையின் அடிப்பகுதியில் சூடான வாயு திரும்பப் புகுந்து மின்னணு உறுப்புகளைக் கெடுத்தது தெரியவந்தது. வெப்பத் தடுப்பைப் பலப்படுத்தினார்கள். ஓராண்டுக்குள்ளாகவே, 2007 ஏப்ரல் 12 அன்று, அக்னி-3 வெற்றிகரமாகப் பறந்தது. உடைந்த ஏவுகணையின் துண்டுகள் கடலடியில் கிடந்தாலும், காரணத்தைக் கண்டுபிடிக்க அளவுகள் போதுமாக இருந்தன.

மேம்பாட்டுச் சோதனைகள் முடிந்தபின் பயனாளர் சோதனை வருகிறது. தொழிற்சாலையில் தயாரான ஏவுகணைகளிலிருந்து ஏதோ ஒன்றைப் படைப்பிரிவே தேர்ந்தெடுத்து, படைவீரர்களே ஏவிப் பார்ப்பது வழக்கம். அங்கே பொறியாளர் விலகி நிற்கிறார். அவர் எழுதிய கையேடும் வகுத்த நடைமுறையும் சோதிக்கப்படுகின்றன.

விமானத்திலிருந்து ஏவுதல்

போர் விமானத்தில் பொருத்தும் ஏவுகணை என்றால் விமானியின் உயிரும் சேர்ந்து கணக்கில் வருகிறது. அதனால் படிகள் கூடுகின்றன. சுமார் 2.5 டன் எடையுள்ள பிரம்மோஸை சுகோய்-30 விமானத்தில் பொருத்தியபோது, 2016 ஜூனில் ஏவுகணையைச் சுமந்தபடி விமானம் பறந்து மட்டும் வந்தது. எடை கூடினால் விமானம் எப்படித் திரும்புகிறது, அதிர்வு எவ்வளவு என்பவை அப்போது அளக்கப்பட்டன. பிறகு எஞ்சின் இயக்காமல் ஏவுகணையைக் கழற்றிவிட்டு, அது விமானத்தில் இடிக்காமல் விலகுகிறதா என்று பார்த்தார்கள். கடைசியாக 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடலில் இருந்த இலக்கை நோக்கி உண்மையாகவே ஏவினார்கள்.

இந்த வகைப் பணிக்கு விமானப்படையின் சோதனை நிறுவனம் பெங்களூருவில் இருக்கிறது. அங்குள்ள சோதனை விமானிகள் பள்ளியில் விமானிகளோடு பறப்புச் சோதனைப் பொறியாளர்களும் பயிற்சி பெறுகிறார்கள்.

யார் சேரலாம்?

இயந்திரவியல், மின்னணுவியல், மின்னியல், கணினி, விண்வெளிப் பொறியியல், வேதிப் பொறியியல், உலோகவியல் ஆகிய பிரிவுகளில் பட்டம் பெற்றவர்களுக்கு வாய்ப்பு உண்டு. இயற்பியல், வேதியியல், கணிதத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களையும் எடுக்கிறார்கள். ஒரு ஏவுகணைக்கு இத்தனை துறைகளும் தேவை என்பதால், விண்வெளிப் பொறியியல் படித்தால்தான் உள்ளே நுழையமுடியும் என்ற எண்ணம் சரியன்று.

டி.ஆர்.டி.ஓ.வின் 'சயின்டிஸ்ட்-பி' பணிக்கு, கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வும் அடிப்படை. ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.56,100, அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி தனி. பதவி உயர்வுக்குக் காலி இடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செய்த வேலையை மதிப்பிட்டு அடுத்த நிலைக்கு உயர்த்துகிறார்கள். டிப்ளமா அல்லது பி.எஸ்சி. முடித்தவர்கள் முதுநிலைத் தொழில்நுட்ப உதவியாளராகவும், ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டெக்னீஷியனாகவும் தனித் தேர்வு எழுதிச் சேரலாம். இளநிலை ஆய்வாளராகச் சேர்ந்து முனைவர் பட்டம் பெறும் வழியும் உண்டு. புனேயில் உள்ள பாதுகாப்பு உயர் தொழில்நுட்பக் கழகம் இத்துறைக்கான மேற்படிப்பைத் தருகிறது.

அக்னி-4 திட்டத்துக்குத் தலைமை வகித்த டெசி தாமஸ், திருச்சூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று, புனேயில் வழிகாட்டு ஏவுகணைத் துறையில் மேற்படிப்பு முடித்து, 1988இல் டி.ஆர்.டி.ஓ.வில் சேர்ந்தவர். ஒரே ஏவுகணையிலிருந்து பல முனைப்பகுதிகளைத் தனித்தனி இலக்குக்கு அனுப்பும் அக்னி-5 சோதனை 2024 மார்ச் 11 அன்று நடந்தபோது, திட்டத்தின் பொறுப்பில் ஷீனா ராணி இருந்தார். பெண்கள் இத்துறையில் ஓரமாக நிற்கும் காலம் கடந்துவிட்டது.

அரசு ஆய்வகங்களைத் தவிர, ஐதராபாத்தில் 1970இல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ் ஏவுகணைகளைத் தயாரிக்கிறது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடார்களைத் தருகிறது. தனியார் நிறுவனங்களும் உறுப்புகளைச் செய்துதருகின்றன. தமிழ்நாட்டில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து மையங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. துல்லிய உதிரிபாகங்கள், மின்னணுப் பலகைகள், சோதனைக் கருவிகள் ஆகியவற்றில் கைத்தேர்ச்சி பெற்றவர்களுக்கு அங்கே இடம் உண்டு.

பணியின் இயல்பு

செய்யும் வேலையை வீட்டிலோ நண்பர்களிடமோ பேச முடியாது. சோதனைக் காலத்தில் கடலோர முகாமில் வாரக்கணக்கில் தங்கவேண்டியிருக்கும். வானிலை மாறினால் காத்திருக்கவேண்டும். பல ஆண்டு உழைப்பு சில நொடிகளில் கடலில் விழுவதைப் பார்த்தும் மறுநாள் தரவுகளின் முன் அமரவேண்டும். பொறுமையும், எழுதி வைக்கும் பழக்கமும், பிறர் சொல்லக் கேட்கும் குணமும் மதிப்பெண்ணுக்கு நிகராகத் தேவைப்படுகின்றன.

செய்வது ஆயுதம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயுதம் என்பதாலேயே சோதிப்பவரின் நேர்மைக்குக் கூடுதல் எடை இருக்கிறது. குறையுள்ள ஏவுகணையை நல்லது என்று எழுதிவிட்டால், அதை நம்பி எல்லையில் நிற்கும் வீரரும், அதை நம்பி முடிவெடுக்கும் அரசும் ஏமாறுவார்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் பயன் போர்க்களத்தோடு முடிந்துவிடுவதும் இல்லை. அக்னிக்காக உருவான எடை குறைந்த கலவைப் பொருளைக் கொண்டு, போலியோவால் கால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கு 300 கிராம் எடையில் ஊன்றுகருவி செய்யப்பட்டது. அதுவரை அவர்கள் இழுத்து நடந்த உலோகக் கருவியின் எடை 3 கிலோவுக்கு மேல்.

இனி வரும் தேவைகள்

ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகச் செல்லும் ஹைப்பர்சோனிக் ஏவுகணைகள் சோதனைப் பொறியியலுக்குப் புதிய கேள்விகளை எழுப்புகின்றன. அந்த வேகத்தில் காற்றே அனலாகிவிடுகிறது. எஞ்சினுக்குள் ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றில் தீயை அணையாமல் காக்கவேண்டும். 2020 செப்டம்பர் 7 அன்று இந்தியாவின் ஹைப்பர்சோனிக் சோதனை ஊர்தி பறந்தபோது, ஸ்க்ராம்ஜெட் எனப்படும் அந்த வகை எஞ்சின் 20 நொடிகளுக்கு மேல் எரிந்தது. 2025 ஜனவரியில் ஐதராபாத்தில் நடந்த தரைச் சோதனையில் அத்தகைய எஞ்சினின் எரியறை 120 நொடிகள் எரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் 1,000 நொடிகளைத் தாண்டியது. இந்த வளர்ச்சியின் ஒவ்வொரு படியிலும் புது அளவுக் கருவிகள், புது சோதனைக்கூடங்கள், அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வெப்பவியல், பாய்ம இயக்கவியல், கட்டுப்பாட்டுக் கோட்பாடு, தரவு ஆய்வு ஆகியவற்றில் அடித்தளம் வலுவாக உள்ள மாணவருக்கு வரும் ஆண்டுகளில் இத்துறையில் வேலை குறையாது. கல்லூரியில் இருக்கும்போதே ஆய்வகப் பயிற்சியை ஒப்புக்குச் செய்யாமல், அளந்ததை அளந்தபடியே எழுதும் பழக்கத்தை வளர்த்துக்கொள்பவர், இந்தப் பணிக்கான முதல் தகுதியை அங்கேயே பெற்றுவிடுகிறார்.